வேப்பைத் தடை பண்ணியாச்சு. பாக்கெட்ல இருக்கிற பேட்டரியை யார் தடுக்கிறது?

1/ நீளமான இழை. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க. விஷயம் வேப். அதாவது இ-சிகரெட். நுரையீரலுக்கு அது என்ன பண்ணும்னு நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுதப் போறது அதுக்குள்ள இருக்கிற பேட்டரியைப் பத்தி. கொஞ்சம் கோபமாவே எழுதப் போறேன்.

2/ அரசு மருத்துவமனையில வேலை. படிச்சது எம்.பி.பி.எஸ். தீக்காய நிபுணர் கிடையாது. ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லை தாண்டினா தடா. கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம். ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வர்றது லாரி விபத்து, மெஷின்ல நசுங்கின விரல், பாம்புக்கடி. நடுவுல தீக்காயமும் வரும்.

3/ கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பையன் வந்தான். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். இருபது வயசு இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு நடந்து போனவன். வலது தொடையில ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிஞ்சு வெளுத்திருக்கு. நடுவுல கறுப்புத் துகள் ஒட்டியிருக்கு. பாக்கெட்ல இருந்து எடுக்கப் போன கையும் வெந்திருக்கு.

4/ “என்னப்பா வெடிச்சுது?”ன்னு கேட்டேன். “போன் சார்.” கூட வந்த ரூம்மேட்டும் “ஆமா சார், போன்தான்”னான். விபத்துப் பதிவேட்டுல, அதான் ஏ.ஆர்.ல, அப்படியே எழுதப் போனேன். அப்ப பையனோட போன் அடிக்குது. இடது பாக்கெட்ல இருந்து எடுத்து, “ஒண்ணும் இல்லம்மா, சாப்பிட்டேன்மா”ன்னு பேசுறான்.

5/ நான் திட்டல. “தம்பி, என்ன வெடிச்சதுன்னு தெரிஞ்சாதான் இந்தப் புண்ணை எப்படிக் கழுவணும்னு எனக்குத் தெரியும்”னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, “வேப் சார்”னான். உடனே அடுத்த கேள்வி: “போலீஸ் வருமா சார்?” தொடை வெந்து கிடக்கிறவன் எங்கிட்ட கேட்ட முதல் கேள்வி அது.

6/ இந்த இழை அந்தக் கேள்வியில இருந்து வந்தது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். தடைச் சட்டம் போட்டதோட வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் கையைத் தட்டிட்டு எழுந்துட்டோம். பொருள் ஊரைவிட்டுப் போகல. அதைப் பத்திப் பேசுறது மட்டும் நின்னுபோச்சு. அந்த மௌனத்தோட விலையைத்தான் அந்தப் பையன் தொடையில பார்த்தேன்.

7/ முதல்ல சட்டம். தமிழ்நாடு 2018லேயே இ-சிகரெட்டைத் தடை பண்ணுச்சு. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்னிக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பர்ல முழுச் சட்டமாக்குச்சு. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் எல்லாமே குற்றம்.

8/ முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினா 3 வருஷம், 5 லட்சம் வரைக்கும் போகும். சேமிச்சு வெச்சா 6 மாசம், 50,000 ரூபாய் வரைக்கும். கடுமையான சட்டம்தான். நான் அதுக்கு எதிரி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில பழ வாசனையோட நிகோட்டின் கொடுக்கிறவனைத் தண்டிக்கணும்.

9/ ஆனா பேட்டரிக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. தடை பண்ண நாட்டுல வெடிக்கக் கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லல. அதனால அது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல நாம தெரிஞ்சுக்குவோம்.

10/ வேப்புக்குள்ள இருக்கிறது லித்தியம் அயான் செல். போன், பவர் பேங்க், டிரிம்மர், ஸ்கூட்டர் எல்லாத்துலயும் இருக்கிற அதே குடும்பம். உள்ள ரெண்டு மெல்லிய தகடு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இதைப் பாய் மாதிரி சுருட்டி ஒரு கூட்டுக்குள்ள வெச்சிருப்பாங்க. சவ்வு தலைமுடியை விட மெல்லிசு. எல்லாத்தையும் நனைச்சிருக்கிற திரவம், எளிதா தீப்பிடிக்கிற கரைப்பான்.

11/ அந்தச் சவ்வு கிழிஞ்சாலோ உருகினாலோ ரெண்டு தகடும் தொட்டுக்கும். தொட்ட இடத்துல சூடு. சூட்டுல வேதிவினை. வினையில இன்னும் சூடு. சுமார் 130 டிகிரியில சவ்வு மொத்தமா உருகிடும். அதுக்கப்புறம் பட்டனை அணைச்சாலும் நிக்காது, சார்ஜரைப் பிடுங்கினாலும் நிக்காது. சில நொடியில வாயு, தீ, வெடிப்பு.

12/ “போன்லயும் அதே பேட்டரிதானே டாக்டர்?” ஆமா. ஆனா உருவம் வேற. போன் பேட்டரி தட்டையான பை. உள்ள வாயு சேர்ந்தா முதல்ல உப்பும், உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். வேப்புல நிறைய மாடல் உலோகக் குழாய். அழுத்தம் பக்கவாட்டுல போக வழியில்லை. பலவீனமான முனை வழியா பிச்சுக்கிட்டுப் போகும். தீபாவளி ராக்கெட் போற அதே தத்துவம். ராக்கெட்டை நாம பாட்டில்ல வெச்சு விடுவோம். இதை வாயில வெச்சிருக்கோம்.

13/ நான் மிகைப்படுத்தல. இங்க நோயாளியே “போன்”னு சொல்றான், நானும் “போன்”னு எழுதப் போனேன், அப்புறம் எங்க இருந்து கணக்கு வரும்? அதனால கணக்கு எழுதின ஒரு நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவோட தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரைக்கும் இ-சிகரெட் தீ, வெடிப்பு சம்பவங்களைத் தொகுத்தது. மொத்தம் 195. அதுல 133 காயம். 38 கடுமையான காயம்.

14/ எப்ப வெடிச்சதுன்னு பாருங்க. பாக்கெட்ல இருக்கும்போது 61. வாயில வெச்சு இழுக்கும்போது 60. சார்ஜ் போடும்போது 48. அதாவது மூணுல ஒண்ணு கிட்டத்தட்ட பாக்கெட்ல. “நான் ராத்திரி சார்ஜ் போட மாட்டேன், எனக்கு ஆகாது”ன்னு நினைக்கிற தம்பிகளுக்காக இந்தக் கணக்கைச் சொல்றேன்.

15/ அந்தக் கணக்குல மரணம் இல்லை. அதுக்கப்புறம் வந்தது. 2018 மே மாசம் புளோரிடாவுல ஒருத்தர், வெடிச்ச வேப்போட துண்டு தலையில பாய்ஞ்சு இறந்தார். 2019 ஜனவரியில டெக்சாஸ்ல 24 வயசுப் பையன். வாயில வெச்சிருந்தது வெடிச்சு, சிதறின துண்டு கழுத்து ரத்தக்குழாயைக் கிழிச்சிடுச்சு.

16/ இங்க ஒண்ணு கவனிங்க. அமெரிக்காவுல வேப் விக்கிறது சட்டப்படி செல்லும். “தடையை எடுத்துட்டா தரமான சரக்கு வரும், வெடிக்காது”ன்னு வாதாடுறவங்களுக்கு இந்த 195 தான் என் பதில். தடை இல்லாத ஊர்லயும் வெடிச்சுது. “தடை பண்ணியாச்சு, கவலை இல்லை”ன்னு சொல்றவங்களுக்கு ஆரம்பாக்கம் பக்கத்துப் பையனோட தொடை என் பதில். ரெண்டு கட்சியும் பேட்டரியை மறந்துட்டீங்க.

17/ இப்ப நம்ம ஊர் நிலைமை. பாக்கெட்ல ஏன் வெடிக்குது? கழட்டி மாத்துற செல் போட்ட வேப்புகள்ல 18650னு ஒரு உருளை செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். அதோட உடம்பு முழுக்க மைனஸ். தலை மட்டும் பிளஸ். ரெண்டையும் பிரிக்கிறது மேல சுத்தியிருக்கிற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சின்ன வளையமும்தான்.

18/ அந்த உறை கிழிஞ்ச ஸ்பேர் செல்லை, சாவிக்கொத்தோட, ரெண்டு ரூபா நாணயத்தோட ஒரே பாக்கெட்ல போட்டுக்கிட்டு பைக்ல போறான். சாவி ரெண்டு முனையையும் தொட்டா முடிஞ்சது. முழு மின்சாரமும் ஒரே நேரத்துல பாயும். ஜீன்ஸ் துணி இறுக்கமா இருக்கும், உடனே உருவவும் முடியாது. தொடை, விரை, உள்ளங்கை. காயம் வர்ற இடங்கள் இவை.

19/ அடுத்தது டூப்ளிகேட் செல். பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு, உள்ள இருக்கிற செத்துப்போன செல்லுக்குப் புது ஸ்டிக்கர் சுத்தி விப்பாங்க. ஸ்டிக்கர்ல “9900 எம்.ஏ.எச்.”னு போட்டிருக்கும். நல்ல நிறுவனத்தோட 18650 செல்லே பொதுவா 3500 பக்கம்தான் வரும். அதைப் போல மூணு மடங்கு எழுதியிருந்தா அது பொய். இதே செல் நெத்தி டார்ச்லயும் வருது. ராத்திரி வயலுக்குப் போறவங்களும் இதைப் பாருங்க.

20/ மூணாவது சார்ஜர். வேப்போட ஒயர் தொலைஞ்சிருக்கும். ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கேன்னு சொருகுவான். செல் 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிக்கணும். நிறுத்துறது உள்ள இருக்கிற ஒரு சின்ன சர்க்யூட்டோட வேலை. நல்ல போன்ல அது இருக்கும். பேர் தெரியாத ஒரு மலிவு வேப்புல அது இருக்கா, வேலை செய்யுதான்னு யார் சோதிச்சுப் பார்த்தா?

21/ எங்க ஏரியா ரூம்களைப் பார்த்திருக்கீங்களா? ஒரு ரூமுக்கு ஆறு பேர், எட்டு பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், நம்ம தென் மாவட்டம். ஒரே ஸ்விட்ச் போர்டு. அதுல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதுல எல்லா போனும், டிரிம்மரும், வேப்பும். ஒருத்தன் சார்ஜ் போட்டுட்டு நைட் ஷிப்டுக்குப் போயிடுவான். அந்த ஒயருக்குப் பக்கத்துலயே இன்னொருத்தன் பாய் விரிச்சுத் தூங்குவான்.

22/ அப்ப வேப் பிடிக்காதவனும் சாகலாம். இதை வேலூர்ல பார்த்தோம். 2022 மார்ச்ல வீட்டுல சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரி தீப்பிடிச்சு, அப்பாவும் 13 வயசு மகளும் இறந்தாங்க. தீ அவங்களைத் தொடல. புகையில மூச்சு முட்டி இறந்தாங்க. 2025 மார்ச்ல சென்னை மதுரவாயல்லயும் சார்ஜ் போட்ட மின்சார பைக் தீப்பிடிச்சு ஒரு கைக்குழந்தை போச்சு.

23/ ஸ்கூட்டரோட ஒப்பிட்டா வேப் பேட்டரி ரொம்பச் சின்னது. உண்மை. ஆனா மெத்தை தீப்பிடிக்க பெரிய பேட்டரி வேணாம். இன்னொரு வித்தியாசமும் இருக்கு. ஸ்கூட்டர் எரிஞ்சப்ப நாடாளுமன்றம் வரைக்கும் கேள்வி போச்சு. வண்டி பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கடுமையாக்கி 2022 டிசம்பர்ல இருந்து அமல்படுத்தினாங்க. கேள்வி கேட்க ஒரு கம்பெனி இருந்தது, அதட்ட ஒரு அமைச்சகம் இருந்தது.

24/ போன் பேட்டரி, பவர் பேங்க்குக்குள்ள இருக்கிற செல் எல்லாத்துக்கும் ஐ.எஸ். 16046 தரம் பொருந்தணும். பி.ஐ.எஸ். பதிவு எண் பேட்டரி மேல இருக்கணும். பார்த்து வாங்கலாம், புகார் கொடுக்கலாம். வேப்புக்கு? விக்கவே கூடாத பொருளுக்கு எந்தத் தர முத்திரை? வாரன்ட்டி கார்டு கிடையாது. தப்பான சரக்குன்னு திரும்பக் கூப்பிட ஆள் கிடையாது. வித்தவன் “நான் விக்கவே இல்ல”ம்பான். வாங்கினவன் “போன் வெடிச்சுது”ம்பான். நடுவுல வெந்த தொடைக்கு வாரிசே இல்லை.

25/ குப்பையையும் பாருங்க. 2022 ஆகஸ்ட்ல பேட்டரிக் கழிவு விதிகள் வந்துச்சு. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கறது தயாரிப்பாளரோட பொறுப்புன்னு சொல்லுது. நல்ல விதி. தடை பண்ணின பொருளுக்குத் தயாரிப்பாளர் யாரு? அதனால தீர்ந்த வேப் சாக்கடையில, குப்பை வண்டியில, காயலான் கடையில போய் விழுது. பிரிட்டன்ல ஒரு தடவை பிடிச்சுட்டுத் தூக்கிப்போடுற வேப்பை 2025 ஜூன் 1ல இருந்து தடை பண்ணினதுக்குக் குப்பையும் ஒரு காரணம்.

26/ குப்பையை அழுத்துற லாரியில அந்தச் செல் நசுங்கும்போது பக்கத்துல நிக்கிறது யாரு? கையுறை கூட ஒழுங்கா கிடைக்காத தூய்மைப் பணியாளர் அக்கா. காயலான் கடையில சுத்தியால அடிச்சுப் பிரிக்கிறது யாரு? பத்து வயசுப் பையனா கூட இருக்கலாம். நீங்க இழுத்த புகைக்கு அவங்க கை வேகணுமா?

27/ இப்ப என் துறை விஷயத்துக்கு வர்றேன். பொய் சொன்னா என்ன நஷ்டம்? 2016ல சியாட்டில் டாக்டர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல, ஒன்பது மாசத்துல தங்ககிட்ட வந்த 15 வேப் வெடிப்பு நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. 80 சதவீதம் பேருக்குத் தீக்காயம். 33 சதவீதம் பேருக்கு ரசாயனக் காயம். 27 சதவீதம் பேருக்கு வெடிப்புக் காயம். ஒரே ஆளுக்கு ரெண்டு மூணும் சேர்ந்து வரும்.

28/ ரசாயனக் காயம்ங்கிறது வேற ஜாதி. செல்லுக்குள்ள இருந்து வர்றது காரத்தன்மையோட இருக்கலாம். காரம் தோல் மேல நிக்காது, உள்ள அரிச்சுக்கிட்டே போகும். லிட்மஸ் தாளை வெச்சுப் பார்த்து, அது மாறுற வரைக்கும் கழுவணும். அதுல இருக்கிற ஒரு உப்பு ஈரத்தோட சேர்ந்தா ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாக்கும். அதுக்கு கால்சியம் குளுக்கோனேட் மருந்து தேவைப்படலாம். உலோகத் துண்டு சதைக்குள்ள போயிருக்கான்னு எக்ஸ்ரே பார்க்கணும்.

29/ “வெந்நீர் கொட்டிடுச்சு சார்”னு சொன்னா நான் இது எதையும் செய்ய மாட்டேன். களிம்பு தடவி, கட்டுப் போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்பிடுவேன். மூணு நாள் கழிச்சு புண் ஆழமாகி நீங்க திரும்பி வருவீங்க. அப்புறம் கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டு, தோல் ஒட்டுற ஆபரேஷன், மாசக்கணக்குல சம்பளம் போகும். ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

30/ சரி, போலீஸ் வருமா? நேர்மையா சொல்றேன். தீக்காயம்னா ஏ.ஆர். எழுதணும், ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அதை நான் மறைக்க முடியாது. ஆனா சட்டத்துல வரிசையா சொன்ன குற்றங்களைப் பாருங்க. எல்லாம் வியாபாரத்தைக் குறிவெச்சது. புகைக்கிறதுன்னு ஒரு தனிக் குற்றம் அதுல இல்லை. பயம் வர வேண்டியது கடைக்காரனுக்கு. அவன் கல்லாப்பெட்டியில நிம்மதியா உட்கார்ந்திருக்கான். பயப்படுறது ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கிறவன்.

31/ எனக்கு வரப்போற பதில்கள் தெரியும். முதல் பதில்: “வேப் பிடிக்கிறவனுக்கு இது தேவைதான்.” ஹெல்மெட் போடாதவனுக்கும் நான் தலையில தையல் போடுறேன். குடிச்சுட்டு விழுந்தவனுக்கும் குளுக்கோஸ் ஏத்துறேன். தகுதி பார்த்து வைத்தியம் பண்ண ஆரம்பிச்சா வார்டே காலியாயிடும். பக்கத்துப் பாய்ல தூங்கினவன் என்ன பாவம் பண்ணான்?

32/ ரெண்டாவது பதில்: “பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தா பிடிக்கச் சொல்ற மாதிரி ஆகாதா?” இதே கேள்வியை எய்ட்ஸ் விஷயத்துலயும் கேட்டாங்க. ஆணுறை பத்திப் பேசினா ஊர் கெட்டுப்போகும்னாங்க. தமிழ்நாடு கேட்கல. 1994லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைச்சது. புள்ளிராஜா விளம்பரம் எந்தச் சுவர்ல இல்லாம இருந்தது? ஊர் கெட்டுப்போகல. உயிர் பிழைச்சது. அன்னிக்கு இருந்த தைரியம் ஒரு பேட்டரியைப் பத்திப் பேச இன்னிக்கு வரலையா?

33/ அதனால நானே பேசிடுறேன். வேப் பிடிக்கிற தம்பிகளுக்கு. முதல் அறிவுரை, விட்டுடுங்க. 1800 112 356 புகையிலையை விட உதவுற கட்டணமில்லா எண். கூப்பிடுங்க. விடுற வரைக்கும்: தனி செல்லைப் பாக்கெட்ல போடாதீங்க, மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல மட்டும் வைங்க. உறை கிழிஞ்சது, நசுங்கினது, உப்பினது, தண்ணியில விழுந்தது எதையும் மறுபடி சார்ஜ் போடாதீங்க.

34/ தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். மெத்தை, தலையணை, பாய் மேல வேண்டாம். தரையில, டைல்ஸ் மேல, கண் பார்வையில. வாசலை அடைக்கிற இடத்துல எதையும் சார்ஜ் போடாதீங்க, தீப்பிடிச்சா வெளிய ஓட வழி வேணும். வெயில்ல நிக்கிற பைக் டேங்க் கவர்ல, பெட்டிக்குள்ள வைக்காதீங்க. ஃபாஸ்ட் சார்ஜரை வேப்புல சொருகாதீங்க. இதெல்லாம் பவர் பேங்க், டார்ச் வெச்சிருக்கிற எல்லாருக்கும்தான்.

35/ தொட முடியாத அளவு சூடு, இனிப்பான ரசாயன வாடை, ‘இஸ்ஸ்’னு சத்தம். இதுல ஒண்ணு வந்தாலும் தூக்கிப் பார்க்காதீங்க. எல்லாரையும் எழுப்பி வெளிய போங்க. முடிஞ்சா மெயினை அணைங்க. 101க்குக் கூப்பிடுங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காதீங்க. அந்தப் புகை விஷம்.

36/ பாக்கெட்ல வெடிச்சா: கையை உள்ள விடாதீங்க, பேன்ட்டைக் கழட்டி எறிங்க. அந்த நேரத்துல வெட்கம் பார்க்காதீங்க. ஒட்டியிருக்கிற கறுப்புத் துகளை உலர்ந்த துணியால தட்டி விடுங்க. அப்புறம் குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் ஓட விடுங்க. ஐஸ் வேண்டாம். பேனா மை, பேஸ்ட், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால மூடி, 108. வந்ததும் முதல் வார்த்தை: “வேப் பேட்டரி வெடிச்சுது.”

37/ அம்மா அப்பாக்களுக்கு. பையன் பையில பென் டிரைவ் மாதிரியோ ஹைலைட்டர் மாதிரியோ ஒண்ணு கிடைச்சா, கோபத்துல அம்மிக்கல்லால நசுக்காதீங்க, அடுப்புல போடாதீங்க. அப்பதான் வெடிக்கும். ஒரு தகர டப்பாவுல மணல் போட்டு, அதுல வெச்சு, வீட்டுக்கு வெளிய வைங்க. திட்டுறதை அப்புறமா திட்டலாம். அடிச்சா அடுத்த தடவை தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சு சார்ஜ் போடுவான்.

38/ அரசுக்கு மூணு வேண்டுகோள். ஒண்ணு: காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வர்றவன் மேல அந்தக் காயத்தை வெச்சு நடவடிக்கை எடுக்க மாட்டோம், வித்தவனைத்தான் பிடிப்போம்னு எழுத்துல சொல்லுங்க. ரெண்டு: புகையிலைத் தடுப்பு போஸ்டர்ல பேட்டரிக்கு நாலு வரி ஒதுக்குங்க. எங்க பக்கம் தமிழ் மட்டும் போதாது. தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளத்துலயும் வேணும்.

39/ மூணு: தொழிற்பேட்டை வாசல்ல, ஹாஸ்டல்ல, ஊராட்சி அலுவலகத்துல மணல் போட்ட ஒரு இரும்புப் பெட்டி. “பழைய பேட்டரி, வேப் எதுவானாலும் இங்க போடுங்க, யாருன்னு கேட்க மாட்டோம்.” இதுக்குப் புதுச் சட்டம் வேணாம், பெரிய பட்ஜெட்டும் வேணாம். யாராவது ஒரு அதிகாரி இதைப் படிச்சா, எங்க ஊர்ல இருந்து ஆரம்பிங்க.

40/ அந்தப் பையனுக்குக் கழுவி, லிட்மஸ் பார்த்து, கட்டுப் போட்டு, கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டான். ஆம்புலன்ஸ் ஏறும்போது ரூம்மேட் எங்கிட்ட வந்து தயங்கித் தயங்கி, “சார், ரூம்ல இன்னும் மூணு பேர்கிட்ட இருக்கு. அதை என்ன பண்றது?”ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எல்லாருக்கும் எழுதியிருக்கேன்.

41/ உங்க ரூம் வாட்ஸ்அப் குரூப்ல, கம்பெனி குரூப்ல போடுங்க. இந்தி, தெலுங்கு, ஒடியா தெரிஞ்சவங்க மொழிபெயர்த்துப் போடுங்க, என் பேர் போட வேணாம். சந்தேகம் இருந்தா கேளுங்க, டூட்டி முடிச்சுட்டு பதில் சொல்றேன். இன்னிக்கு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒரு தடவை பாருங்க.